வலக்கை விட்ட இடம்

கீரிமலைக்கு உட்புறமாக, லக்ஷனின் மாமாவின் காணியில் ஒரு பழைய சுண்ணக்கல் கிடங்கு இருக்கிறது. கல் வெட்டுவது நின்றபின் ஆடுகள் மட்டுமே இறங்கிய அந்தப் பள்ளத்தின் வடக்குச் சுவர் ஒரு தென்னை உயரம். பாதிக்கு மேல் முன்னோக்கித் துருத்தி நிற்கும். மலைநாட்டில் வேலை பார்த்தபோது பாறையேற்றம் பழகிய ஜெரிசன், ஊர் திரும்பியதும் அச்சுவரில் துளையிட்டு ஆணிகள் இறக்கி, உச்சியில் ஒரு சங்கிலியும் பூட்டினான். ஏறுபவர் ஒவ்வோர் ஆணியிலும் கொளுக்கி மாட்டி, இடுப்பில் கட்டிய கயிற்றை அதனுள் செலுத்திக்கொண்டே போகவேண்டும். கீழே ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். விழாமலும் கயிற்றில் தொங்கி இளைப்பாறாமலும் உச்சிச் சங்கிலியை முதலில் எட்டுபவரே அந்தத் தடத்துக்குப் பெயர் வைக்கலாம் என்பது நண்பர் மூவரின் ஒப்பந்தம். இரண்டு வருடமாகத் தடம் பெயரில்லாமலே கிடந்தது.

மூன்றாமவள் யசிந்தா. குருநகர்ப் பெண், நகரத்து மருந்தகம் ஒன்றில் வேலை. தகப்பன் அருட்பிரகாசம் படகை முடுக்குமுன் சிலுவை போடுவார். தாய் மார்கிரட் உலையில் அரிசி இடுமுன் போடுவார். கடினமான எதன் வாசலிலும் கை தானாக நெற்றிக்குப் போகும் வளர்ப்பு அவளுடையது. பாறையில் அதுவே வினையாயிற்று. மற்ற இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாய்கிற இடத்தில், துருத்தலின் அடியில், அவளுடைய வலக்கை கல்லை விட்டுவிடும். நெற்றியைத் தொட்ட கை நெஞ்சுக்கு வருமுன் அவள் கயிற்றில் தொங்குவாள்.

“யசி, நீர் சிலுவை போடேக்கை ஆண்டவர் வந்து கயித்தைப் பிடிக்கிறேல்லை. நான்தான் பிடிக்கிறன்,” என்பான் உரும்பிராயில் தோட்டம் செய்யும் லக்ஷன்.

“அது உம்மடை வேலை. பேசாமல் பிடியும்.”

“நிலத்திலை வடிவாப் போட்டிட்டு ஏறுமன்,” என்று ஜெரிசன் சமாதானம் சொல்வான்.

“போட்டிட்டுத்தான் அண்ணை ஏறினனான். கை கேக்குதில்லை.”

ஐப்பசி ஞாயிறு ஒன்றில், பூசை முடிந்து அவள் வந்தபோது வடக்கே வானம் கறுத்திருந்தது. மாரி தொடங்கினால் கிடங்கு குளமாகிவிடும். பிறகு அடுத்த கோடைவரை சுவரை அண்ட முடியாது. போன வருடமும் அப்படித்தான் கைநழுவிப் போனது.

முதல் முயற்சியில் வழமைபோல் விழுந்தாள். ஆனால் இறங்கியதும் சப்பாத்தைக் கழற்றாமல் சுவரையே அண்ணாந்து பார்த்தாள்.

“அண்ணை, இந்தமுறை நான் உடனை விழேல்லை. இடக்குதி எங்கையோ கொழுவினது.”

துருத்தலின் அடியில் தொங்குபவரின் இடுப்பு மட்டத்தில், கல் அரிபட்ட ஒரு பொந்து. ஜெரிசனும் லக்ஷனும் அதைப் பொருட்படுத்தியதே இல்லை.

கை உலர்ந்ததும் மறுபடி ஏறினாள். துருத்தலின் அடியில் இடக்குதியை அந்தப் பொந்தினுள் செருகி இறுக்கினாள். வலக்கை தன்பாட்டில் எழுந்தது. நெற்றி, நெஞ்சு, இடத்தோள், வலத்தோள். உடல் அசையவில்லை. கையைத் தொங்கவிட்டு உதறினாள். விறைத்த விரல்களுக்கு இரத்தம் திரும்பியது. அதனால் கல்லைப் பற்றிக்கொண்டு மற்றக் கையையும் உதறினாள். எல்லாரும் பலத்தைத் தேடிய இடத்தில் ஓர் இளைப்பாறல் ஒளிந்திருந்திருக்கிறது; அங்கே கையை விட ஒருவரும் துணியாததால் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

கீழே லக்ஷன் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுத்தான்.

அவள் துருத்தலின் விளிம்பைப் பற்றினாள். கால்கள் அந்தரத்தில் ஆடின. இழுத்து மேலே வைத்தாள். ஒரு விரல்நுனிப் பிடி, இன்னொன்று. கடைசிக் கொளுக்கி சங்கிலியில் ‘கிளிக்’ என்று விழுந்தபோது முதல் தூறல் அவள் கழுத்தில் பட்டது. கிடங்கு முழுவதும் எதிரொலிக்க அவள் சிரித்தாள்.

இறங்கியதும் ஜெரிசன் கேட்டான்: “சரி, பேரைச் சொல்லும்.”

“ஆமென்,” என்றாள் யசிந்தா. “இவ்வளவு நாளும் நான் சிலுவையை முடிச்சு அந்தச் சொல்லுக்கு வந்து சேரேல்லை, அண்ணை.”

லக்ஷன் தலையைச் சொறிந்தான். “அப்ப நான் என்னெண்டு ஏறுறது? எங்கடை சாமியைக் கும்பிட ரெண்டு கையும் வேணுமே.”

அவள் கயிற்றின் நுனியை அவனுடைய இடுப்புப் பட்டியை நோக்கி நீட்டினாள்.

“வடிவாக் கும்பிடும். நான் பிடிக்கிறன்.”