பதினோரு பூச்சு

எங்கள் தெருமுனைக் குருசடி என்ற சின்னக் கோயிலில் இருக்கும், அத்தை வரைந்த படத்துக்கு முன்னால் முதன்முதலில் முழந்தாளிட்டவர்கள், அது படம் என்று தெரியாமல்தான் முழந்தாளிட்டார்கள். இதை இப்போது சொன்னால் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தக் கூத்தில் எனக்கும் பங்குண்டு.

அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, கீழவைப்பாரிலிருந்து தினமும் பஸ் பிடித்து விளாத்திகுளம் போய்வரும் டிராயிங் டீச்சர். பள்ளியில் பிள்ளைகளுக்குக் கிளியும் தாமரையும் வரையச் சொல்லிக் கொடுப்பாள். வீட்டில் அவளாக வரைவதில் கிளியும் இருக்காது, தாமரையும் இருக்காது. வெறும் நிறம்தான். "பிரஷ் கழுவுன பலகை" என்பாள் அம்மா. அத்தை அதற்கும் சிரிப்பாள்.

நான் நாலாம் வகுப்புப் படித்த வருடம், எங்கள் வீட்டிலேயே இருந்த அத்தையின் கணவர், மாமா, மீன்பிடிக்கப் போன படகு திரும்பவில்லை. கூடப் போனவர் அடுத்த வீட்டுப் பெரியம்மாவின் மகன். ஒரு நாள், இரண்டு நாள் என்று பதினோரு நாள் ஒரு தகவலும் இல்லை. ஊரே எங்கள் வீட்டில் கூடி ஜெபமாலை சொன்னது. அத்தையும் சொன்னாள். முடிந்ததும் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். படகுக்கு அடித்து மிச்சமிருந்த பெயிண்டின் வாசம் மட்டும் வெளியே வரும்.

"என்ன செய்யுதீங்க அத்தை?" என்று கதவருகே நின்று கேட்டேன்.

"ஜெபம் பண்ணுதேன். போளா அங்கன."

எனக்குத் தெரிந்த ஜெபத்தில் பெயிண்ட் வாசம் வராது. மாதாவைத்தான் வரைகிறாள், முடிந்ததும் காட்டுவாள் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். மாமா திரும்பி வந்தால் அந்தப் படத்தைக் குருசடிக்குக் கொடுப்பதாக நேர்ச்சை வேறு நேர்ந்திருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் இரண்டு பேரையும் ஒரு சரக்குக் கப்பல் தூத்துக்குடி துறைமுகத்தில் கொண்டுவந்து இறக்கியது. எஞ்சின் பழுதாகி, நீரோட்டம் இழுத்த பக்கமெல்லாம் போயிருந்தார்கள். உதடு வெடித்து, தோல் உரிந்து வந்த மாமாவைப் பார்த்துப் பெரியவர்கள் அழ, நான் பயந்து அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அதன்பின் படம் வெளியே வந்தது. ஆள் உயரப் பிளைவுட் பலகை முழுக்க ஊதா. பெரிய பிரஷ் இழுத்த தடங்கள் மேலிருந்து கீழாகத் துணி மடிப்புபோல இறங்கின. மாதா எங்கே என்று எவ்வளவோ தேடினேன். கேட்கத்தான் தைரியமில்லை.

அது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் கடைசி இரண்டு வாரம். எங்கள் பக்கம் அப்போது சுரூபங்களையெல்லாம் ஊதாத் துணியால் மூடிவிடுவார்கள். குருசடியில் மாதா, அந்தோணியார், சூசையப்பர் மூவரும் மூடப்பட்டிருந்தார்கள். அத்தை பங்குச் சாமியாரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் பலகையை அவர்களுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு வந்தாள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் நாலாவதாக ஒருவர் நிற்பதை ஊர் கண்டது. யாரோ புதுச் சுரூபம் நேர்ந்து கொடுத்திருக்கிறார்கள் என்று பேச்சாயிற்று. உயரத்தைப் பார்த்துச் சவேரியார் என்றார்கள் சிலர், செபஸ்தியார் என்றார்கள் சிலர். எல்லாரையும்விட உருக்கமாக, அடுத்த வீட்டுப் பெரியம்மா அதற்கு முன்னால் தினமும் ஒரு மெழுகுவத்தி ஏற்றி, மகனைத் திருப்பித் தந்ததற்கு நன்றி சொல்லி அழுதாள். அத்தையிடம் யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

உயிர்ப்பு ஞாயிறு காலையில், கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் வந்து ஒவ்வொரு துணியாக உருவினார். நாலாவதில் துணியின் முனையைத் தேடினார். மேலே தேடினார், கீழே தேடினார். நகம் வழுக்கியது.

"துணி இல்லய்யா, பலகைலா இது!"

முதலில் சிரிப்பு. வெறும் நிறம் என்றதும் அத்தையின் கைவேலை என்று தெரிந்துபோனது. அப்புறம் கோபம். பெரியம்மா முகம் சிவந்து அத்தையிடம் திரும்பினாள். "மொகமே இல்லாததுகிட்டயா நான் இத்தன நாளு அழுதேன்? அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள எடுத்திரு, ஆமா."

நேர்ந்து கொடுத்ததைத் திரும்ப எடுத்தால் அது செலுத்தாத நேர்ச்சைதான். செலுத்தாமல் கடலில் இறங்க மாமாவுக்கு மனம் வரவில்லை. தைத்து முடித்த வலையையே மறுபடி தைத்துக்கொண்டிருந்தார். அத்தை சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்து போனாள். அவளை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. ஊதாவுக்கு அடியில் மாதா இருக்கிறாள், அவள் முகத்தைக் காட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன்.

சனிக்கிழமை மத்தியானம், குருசடியில் ஆளில்லாத நேரம், ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து காம்பஸை எடுத்துக்கொண்டு போனேன். முகம் இருக்கவேண்டிய உயரம் எனக்கு எட்டவில்லை. எட்டிய இடத்தில் சுரண்டினேன். ஊதாவுக்கு அடியில் கறுப்பு வந்தது. அதற்கடியில் சாம்பல், கருநீலம், துருச் சிவப்பு, மறுபடி கறுப்பு, இன்னும் ஏதேதோ. விரல் வலித்தது. கடைசியில் ஒரு விரல் நீளத்துக்குப் பளிச்சென்று மஞ்சள். அதற்கடியில் மரம். மாதா இல்லை. நான் வாய்விட்டு அழுதேன்.

அழுகை கேட்டு உபதேசியார் ஓடிவந்தார். பின்னாலேயே பெரியம்மா, அம்மா, பாதித் தெரு. கையில் காம்பஸ் இருந்தது, பொய் சொல்லவும் வழியில்லை. கடைசியாக அத்தை வந்தாள். என்னைப் பார்க்கவேயில்லை. சுரண்டிய இடத்தருகே குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"இது மொத நாளு அடிச்சது" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. "நிச்சயம் வந்துருவாவன்னு மஞ்சள்லதான் ஆரம்பிச்சேன். அப்புறம் தெனம் ஒரு பூச்சு. அன்னன்னைக்கு மனசு இருந்த நெறம். வந்த பெறகும் அத மாத்த மனசில்ல. அடியில இது கெடந்தத நானே மறந்துட்டேன்."

பெரியம்மா கிட்டே வந்தாள். கறுப்பு விளிம்பில் விரலை வைத்தாள்.

"இது எத்தனாவது நாளுளா?"

"ஏழு."

"ஏழாம் நாளு நான் மாதாவ ஏசிட்டேன்" என்றாள் பெரியம்மா மெதுவாக. அப்படியே விரலை நகர்த்தி மஞ்சளைத் தொட்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு உபதேசியாரைப் பார்த்து, "இங்கனயே இருக்கட்டும்" என்றாள். அவள் சொன்ன பிறகு மறுத்துப் பேச எங்கள் தெருவில் ஆள் கிடையாது.

படம் இன்றும் அங்கேதான் இருக்கிறது. சுரண்டிய இடத்தை அத்தை மூடவேயில்லை. கடலுக்குப் போகிறவர்கள் தொட்டுத்தொட்டு விளிம்பெல்லாம் தேய்ந்து, விரல் நீளமிருந்த மஞ்சள் இப்போது உள்ளங்கை அகலம். என் கணவர் கப்பலில் வேலை செய்கிறார். அவரிடமிருந்து போன் வராத வாரங்களில் நானும் போய்த் தொட்டுவிட்டு வருகிறேன்.

அன்று எனக்கு இதெல்லாம் ஒன்றும் விளங்கவில்லை. ஊர் முன்னால் அடிக்கக் கூச்சப்பட்டு அத்தை என்னை விட்டிருக்கிறாள், வீட்டுக்குப் போனதும் நிச்சயம் அடி உண்டு என்றுதான் நினைத்தேன். நினைத்தபடியே சாயங்காலம் அத்தை கூப்பிட்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினேன். அவள் என் விரல்களைப் பிரித்து, நகத்துக்குள் போயிருந்த பெயிண்ட் துகள்களை ஊக்கு முனையால் ஒவ்வொன்றாக எடுத்தாள். மஞ்சள் துகள் வந்ததும் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு என் விரல்களை முத்தமிட்டாள். அவள் கன்னம் ஈரமாக இருந்தது.

கூடத்தில் மாமா விடியற்காலைக்கு வலையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு அவர்களுக்கு வேலை இருக்கிறது, அடி நாளைக்குத்தான் போல என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போனேன்.