கட்டைவிரல் முந்திய நொடி

நான் ஸ்டாப்வாட்சை முன்கூட்டியே அழுத்தினேன். தவறுதலாக அல்ல, தெரிந்தே, ஒரு பருவம் முழுவதும். ஒரு சிறுமியிடம் அவள் எட்டாத வேகத்தை எட்டிவிட்டதாகச் சொன்னேன். அவளும் நம்பினாள்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடம்கூட... உங்களிடம் சொல்வது எனக்குச் சற்று எளிது. நாளைக்கு அல்லிநகரத்துக் கடைத்தெருவில் நீங்கள் என் எதிரே வரப்போவதில்லை.

தேனியில் ஒரு தனியார் நீச்சல்குளத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். அமலி அப்போது ஒன்பதாம் வகுப்பு. ராயப்பன்பட்டியிலிருந்து பஸ் ஏறி வருவாள். அவளுடைய அப்பா அந்தோணிக்கு அங்கே திராட்சைத் தோட்டம். அந்தத் தோட்டத்துக் கிணற்றில்தான் அவள் நீந்தப் பழகினாள்.

கிணற்றில் பழகிய பிள்ளைகளுக்கு ஒரு குணம் உண்டு. நான்கு கை போட்டால் சுவர் வந்துவிடும் என்பதால், தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்துக்கொண்டே நீந்துவார்கள். குளத்துக்கு வந்த பிறகும் அது போகாது. அமலியும் அப்படித்தான். மீனைப் போல வருவாள்; கடைசியில் சுவர் நெருங்கும்போது தலையைத் தூக்கிவிடுவாள். சேர்த்த வேகமெல்லாம் அங்கே கரைந்துவிடும். எத்தனை முறை சொல்லியும் அந்தத் தலை தண்ணீருக்குள் அடங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மதுரையில் விளையாட்டு உளவியல் பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போய்வந்தேன். நம்பிக்கை முதலில் வரவேண்டும், வேகம் அதன் பின்னால் தானே வரும் என்று அங்கே சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் பிழையில்லை. அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு, முழு வைத்தியன் ஆகிவிட்டதாக நினைத்துத் திரும்பியவன் நான்!

முதல் முறை அது கைத்தவறுதான். அமலி சுவரைத் தொடுமுன் என் கட்டைவிரல் முந்திவிட்டது. வந்த நேரத்தை அப்படியே வாசித்தேன். அந்தப் பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்... மறுநாள் உண்மையாகவே வேகமாக நீந்தினாள். பார்த்தாயா, பலித்துவிட்டதே என்று எனக்குள் ஒரு கர்வம்.

அதன் பிறகு கை தவறவில்லை. அவள் தலையைத் தூக்கும் கணத்திலேயே அழுத்தப் பழகிக்கொண்டேன். நான் செய்வதைப் பொய் என்று ஒருபோதும் எனக்குள் சொல்லிக்கொண்டதில்லை. ஊக்கம் என்று சொல்லிக்கொண்டேன். பொய்க்கு எத்தனை நல்ல பெயர்கள் இருக்கின்றன!

ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு சங்கடம் உண்டு. ஒருமுறை சொன்ன நேரத்தை மறுநாள் கூட்டிச் சொல்ல முடியாது. அவளுடைய உண்மையான வேகம் மெல்லத்தான் ஏறியது. நான் சொன்ன வேகமோ தாவித் தாவி ஓடியது. மாநிலப் போட்டி நெருங்கியபோது, என் கணக்குப்படி அவள் இறுதிச் சுற்றில் நீந்தவேண்டியவள். அவளும் அப்படித்தான் நம்பினாள். அவளுடைய அப்பா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? சொல்லியிருக்கலாம். போட்டியின் வேகத்தில் அந்த இடைவெளி எப்படியாவது மூடிக்கொள்ளும் என்று நினைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவன், சோறாவது நிறைய வைத்திருக்கவேண்டும்.

மாநிலப் போட்டி நடந்த சென்னைக் குளத்தில் கட்டைவிரலுக்கு வேலை இல்லை. கை பட்டதும் சுவரிலிருக்கும் பலகையே நேரத்தைக் கணித்துவிடும். மேலே திரையில் எண்கள் வந்துவிடும்.

அமலி குதித்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசி மீட்டர்கள் வந்தன... அவள் தலையைத் தூக்கவில்லை! முகம் தண்ணீருக்குள்ளேயே இருக்க, கையை நீட்டிச் சுவரைத் தொட்டாள். அவள் வாழ்நாளில் நீந்திய நீச்சல்களிலேயே சிறந்தது அதுதான். அந்த இடத்தில் அது தெரிந்த ஒரே மனிதன் நான்.

அவள் நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். நான் மாதக்கணக்கில் சொல்லிவந்த நேரம் அங்கே இல்லை. இறுதிச் சுற்றில் அவள் பெயரும் இல்லை.

துண்டைப் போர்த்திக்கொண்டு என்னிடம் வந்தாள். அழுகையை அடக்கிக்கொண்டு, "பயந்துட்டேன் போல சார். எனக்கே தெரியாம பயந்துட்டேன்" என்றாள்.

அந்தோணி என்னைத் தனியே அழைத்தார். "பிள்ளைய ஒண்ணுஞ் சொல்லாதீக சார். நாந்தான் பஸ்ஸுல புளிச்சோறு குடுத்தேன். அது வயித்துல கெட்டியா நின்னுருச்சு போல" என்றார்.

மகள் தன் மனதைக் குற்றம் சொன்னாள். தகப்பன் புளிச்சோற்றைக் குற்றம் சொன்னார். குற்றவாளியான நான் கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்க நடுவில் நின்றுகொண்டிருந்தேன். என்ன செய்தேன் தெரியுமா? பெரிய இடத்தில் மனம் பதறுவது இயல்புதான், சரிசெய்துவிடலாம் என்று அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.

ஊர் திரும்பியதும் வைத்தியத்தைத் தொடங்கினேன். கண்ணை மூடு, மூச்சை மெல்ல இழு, உங்கள் தோட்டத்துக் கிணற்றை நினைத்துக்கொள் என்று முகாமில் கற்றதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொடுத்தேன். அவளுக்கு இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்தேன். சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை அல்லவா? அதையும் அப்படியே உள்ளே வாங்கிக்கொண்டாள்.

அடுத்த மாவட்டப் போட்டியில், குதிக்கும் மேடையில் அவள் கால்கள் நடுங்கியதை என் கண்ணால் பார்த்தேன். இந்த முறை பயம் உண்மையாகவே வந்திருந்தது. கொஞ்ச நாளில் குளத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். படிப்பு இருக்கிறது என்றாள். சரி என்றேன்.

நீச்சல் போனால் போகட்டும். ஆயிரம் பிள்ளைகள் வருகிறார்கள், விடுகிறார்கள். ஆனால் அந்தப் பயம் குளத்தோடு நிற்கவில்லை. இப்போது அமலி நர்சிங் முடித்து உத்தமபாளையத்தில் வேலை செய்கிறாள். வெளிநாட்டு வேலைக்கான தேர்வுக்கு இருமுறை விண்ணப்பித்து, இருமுறையும் எழுதாமல் திரும்பிவிட்டாள் என்று அந்தோணி சொன்னார். அவர் மகளைக் குறை கூறவில்லை. "பெரிய எடம்னா அதுக்கு வராது சார். உங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

தெரியாததா...

இன்று காலை குளக்கரையில் இருந்தபோது அமலி போன் செய்தாள். மூன்றாம் முறையாகத் தேர்வுக்கு வந்திருக்கிறாளாம். கொச்சியில், தேர்வு மையத்து வாசலில் நிற்கிறாளாம். "சார், அந்த மூச்சுப் பயிற்சிய ஒருக்கா சொல்லுங்க சார். அன்னைக்கு நீங்க மட்டும் இல்லேன்னா நான் ஒடைஞ்சே போயிருப்பேன்."

இதைவிட நல்ல வாய்ப்பு வருமா? அன்று நீ பயப்படவேயில்லை அமலி, அன்றுதான் நீ மிகச் சிறப்பாக நீந்தினாய்... இவ்வளவுதான் சொல்லவேண்டியது. நாக்கு நுனிவரை வந்தது. தேர்வு வாசலில் நிற்கும் பெண்ணை இப்போது போய்க் குழப்பலாமா என்று ஒரு சாக்கும் கூடவே வந்தது. அந்தச் சாக்கு நியாயமானதா, என் கோழைத்தனமா? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

"கண்ணை மூடிக்கோம்மா. மூச்சை மெதுவா இழு" என்றேன்.

அவள் இழுத்தாள். போனில் அந்த மூச்சுச் சத்தம் கேட்டது. கிணற்றை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். நினைத்துக்கொண்டாள். பிறகு நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தேர்வை எழுதினாளா என்று இன்னும் தெரியவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். அன்று சென்னையில் நடந்தது இப்போது உங்களுக்குத் தெரியும். அவளுக்குத்தான் இன்னும் தெரியாது.