திம்மப்பன் ஒப்பித்த குற்றம்

ஓசூர் கம்பெனியில் என் பக்கத்து மெஷின் திம்மப்பனுடையது. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் தகடு வெட்டும் அந்த பிரஸ் இறங்கும்; கை உள்ளே மாட்டக் கூடாதென்று அப்படிச் செய்திருக்கிறார்கள். எங்கள் சூப்பர்வைசருக்கு அந்த வேகம் போதவில்லை. ஒரு பட்டன் அமுங்கியே இருக்கும்படி தீக்குச்சியைச் செருகிவிட்டு, "ஒரு கையில ஓட்டுடா, பீஸ் ஏறட்டும்" என்பார். அப்படி ஓட்டித்தான் எண்பத்தாறில் திம்மப்பனுக்கு வலது கை விரல்கள் போயின.

அடுத்த மார்ச்சில் பாதுகாப்பு நாள் விழா வந்தது. ஆபீசர் அவனைக் கூப்பிட்டார். "குச்சிய நானே சொருவினேன், அவசரப்பட்டு விரலை இழந்தேன்னு மேடையில சொல்லு. பர்மனென்ட் பண்ணிடறோம்."

பல வருடமாக டெம்பரவரி. கை போனவனை வேறு எவன் வேலைக்குச் சேர்ப்பான்? தலையாட்டிவிட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயிற்றுப்பாடு என்று வந்துவிட்டால் ரோஷமாவது மண்ணாவது!

வீட்டில் அவர்களுக்குக் கன்னடம். மேடைக்குத் தமிழ் வேண்டுமே என்று என்னை உட்காரவைத்து ஒப்பித்துப் பார்த்தான். களி கிண்டிக்கொண்டிருந்த அவன் மனைவி கெம்பம்மா துடுப்பை நிறுத்தினாள்.

"ஏங்க, குச்சிய சொருவுனது சூப்பர்வைசர்னு தானே எங்கிட்ட சொன்னீங்க?"

"ஆமா."

"அப்ப இது?"

"இது பேச்சு" என்றான். அவமானத்தில் அவன் காது மடல் சிவந்துவிட்டது. அவள் மறுபடி களியைக் கிண்டத் தொடங்கினாள்.

விழாவில் ஒரு சொல் தடுக்காமல் பேசினான். கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கவே இல்லை. கைதட்டல், மாலை, ஒரு டிபன் கேரியர். பர்மனென்ட் ஆர்டரும் வந்தது.

ஐப்பசியில் அதே பிரஸ்ஸில், அதே குச்சியால், திம்மப்பனுக்குப் பிறகு அதை ஓட்டிய கரியப்பனுக்குக் கட்டைவிரல் போனது. இரண்டு பிள்ளைக்காரன், அவனும் டெம்பரவரிதான். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். "திம்மப்பன் மேடையில அவ்வளவு சொல்லியும் கேக்கல பாரு. நீங்களே குச்சிய வச்சிக்கிட்டு எங்க மேல பழி போடறீங்க. ஏண்டா திம்மா, அப்படித்தானே?"

"ஆமாங்க சார்" என்றான் திம்மப்பன், தரையைப் பார்த்து.

சாயங்காலம் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கரியப்பன் திட்டுவான், காறித் துப்புவான் என்று பயந்துகொண்டே போனான் திம்மப்பன். திட்டியிருந்தால் தேவலை. கட்டுப்போட்ட கையை மார்மேல் வைத்துக்கொண்டு கரியப்பன் கெஞ்சினான்.

"அண்ணா, அந்தப் பேச்ச எனக்கும் சொல்லிக் குடுண்ணா. மார்ச்சுக்குள்ள கத்துக்கறேன்."

திம்மப்பன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். அவன் முகத்தைப் பார்க்காமலே, முதல் வரியிலிருந்து சொல்லிக்கொடுத்தான்.