தவம் மாமாவின் ரிமோட்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஒரு ரிசீவராக வேலை பார்த்தேன். சம்பளம் இல்லை. ஒரு தேத்தண்ணிகூட இல்லை.

ரிசீவர் என்றால் என்னவென்று தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். ஓ.எல் சோதனையோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். எனக்கே விளங்கினது உங்களுக்கு விளங்காதா?

விளையாட்டு விமானத்தைத் தரையில் நின்று ஓட்டுகிறவனின் கையில் ஒரு ட்ரான்ஸ்மிட்டர் இருக்கும். நாங்கள் ரிமோட் என்போம். அது சொல்வதைக் கேட்பதற்கு விமானத்தின் வயிற்றுக்குள் ஒரு குட்டிப் பெட்டி - அதுதான் ரிசீவர். கேட்டதைச் செய்வதற்குச் சின்னச் சின்ன மோட்டார்கள், சேர்வோ என்று பெயர். வாலைத் தூக்குவதும் திருப்புவதும் அவைதான். ஒருவர் சொல்ல, ஒருவர் கேட்க, ஒருவர் செய்ய… குடும்பம் மாதிரித்தான். ஒரேயொரு வித்தியாசம், இங்கே சொன்னது நடக்கும்.

நடக்க வேண்டுமென்றால் இவை ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். ஒரு ரிசீவரை ஒரு ரிமோட்டோடு பழக்கிவிட்டால் பிறகு அது வேறு எவர் சொல்லையும் கேட்காது. பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. சாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் பொருத்தம் பார்க்கிற எங்கள் சனம், இதில் மட்டும் கோட்டை விட்டது.

கதைக்கு வருகிறேன்.

குகன் என் சிநேகிதன். அச்சுவேலிச் சந்தைக்குப் பக்கத்தில் போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறான். கடை பூட்டினால் ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரை அட்டையை வெட்டி விமானம் செய்வான். அவனுடைய முதல் விமானம் பறந்த தூரத்தை விட நான் கோபத்தில் செருப்பு எறிந்த தூரம் அதிகம். ஆனால் பொடியன் விடவில்லை. கொழும்பிலிருந்து ஒரு செட் எடுப்பித்து, ரிமோட்டையும் ரிசீவரையும் பழக்கி, ஒருநாள் உண்மையாகவே மேலே ஏற்றிவிட்டான்.

இந்தச் செய்தி கனடாவில் இருக்கிற அவனுடைய தாய்மாமாவுக்குப் போனது. தவம் மாமா.

தவம் மாமாவிடம் ஒரு பழைய ரிமோட் இருந்தது. மகன் சின்னவனாக இருந்தபோது வாங்கியது. மகனுக்கு என்று சொல்லி வாங்கினாலும் ஆசை இவருக்குத்தான். முதல் நாள் மகன் ஓட்டினான், இவர் தன் முறைக்காகப் பக்கத்தில் காத்து நின்றார். முறை வருவதற்குள் விமானம் ரிசீவரோடு ஏரிக்குள் போய்விட்டது. மகன் அதற்குப் பிறகு ஹொக்கி மட்டையைத் தூக்கிக்கொண்டான். ரிமோட் நிலக்கீழ் அறைக்குப் போனது. ஆசை எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை.

அந்த ரிமோட்டையும் மிஞ்சிக் கிடந்த இரண்டு சேர்வோக்களையும் போன வருசம் யாரோ ஒருவரின் சூட்கேசில், சொக்லேற்றுக்கும் ஷாம்புவுக்கும் நடுவில் வைத்து மருமகனுக்கு அனுப்பினார். கூடவே போனில் ஒரு வேண்டுதல். "மருமோன், உந்த ரிமோட்டை வைச்சு நீ பழகு. நான் வந்து ஒருக்கா என்ரை கையால விடவேணும்."

பெட்டியைத் திறந்ததும் குகனின் முகம் வாடிவிட்டது. தூண்டில் தடி மாதிரி நீட்டுகிற ஏரியல். முகப்பில் ஊசி ஆடுகிற மீற்றர். பார்க்க அழகுதான். ஆனால் அது கதைக்கிற அலை வேறு, குகனின் ரிசீவர் கேட்கிற அலை வேறு. அதற்குப் பொருத்தமான ரிசீவர் கனடாவில் ஓர் ஏரியின் அடியில் மீன்களுக்குச் சேவை செய்துகொண்டிருக்கிறது. கொழும்பில் விசாரித்தான். அந்தக் காலத்துச் சாமான் இனி வராது என்று சிரித்தார்களாம்.

சேர்வோக்களாவது சரிவருமா என்று பார்த்தான். செருகுகிற தலை வேறு மாதிரி. வயரை வெட்டி ஒட்டும்போது நிறம் மாற்றிக் கொடுத்ததில் ஒன்று புகைந்து செத்தது. மற்றதைக் கவனமாக ஒட்டினான். வேலை செய்தது. அதை வால் திருப்புகிற இடத்தில் பூட்டினான்.

மாமாவுக்கு உண்மையைச் சொல்லப் போனைக் கையில் எடுத்தபோதுதான் குகனின் அம்மா குறுக்கே வந்தா.

"அண்ணை ஆசைப்பட்டு அனுப்பினது. வேலை செய்யேல்லை எண்டு மட்டும் சொல்லிப்போடாதை."

இது இங்கே ஒரு சட்டம் மாதிரி. எந்த நீதிமன்றத்திலும் இல்லை, எல்லா வீட்டிலும் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த சப்பாத்து இரண்டு சைஸ் சின்னன் என்றாலும் "அளவாக் கிடக்கு" என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு ஒருமுறை சித்தப்பா பனிக்குப் போடுகிற ஜக்கெற் அனுப்பினார். சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு பல்லைக் காட்டிப் படம் எடுத்து அனுப்பினேன். படத்தில் முகம் முழுக்க வேர்வை. பாசத்தில் அழுகிறேன் என்று நினைத்துச் சித்தப்பா இன்னொரு ஜக்கெற் அனுப்பிவிட்டார்.

ஆகவே குகன் சொன்னான்: ஓம் மாமா, நல்லா வேலை செய்யுது.

ஒரு பொய் சொன்னால் அதற்குத் தீன் போட்டு வளர்க்க வேண்டும். மாமா வீடியோ கேட்டார். நான் அவருடைய ரிமோட்டை ஏரியல் நீட்டிப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்து நடித்தேன். குகன் போனை ஒரு பூவரசில் சாய்த்து வைத்துவிட்டு, படத்தில் விழாத இடத்தில் நின்று தன்னுடைய ரிமோட்டால் ஓட்டினான். நல்ல நடிப்பு. இவ்வளவு நல்லாக நடித்திருக்கக் கூடாது.

வீடியோவைப் பார்த்துவிட்டு மாமா ரிக்கெற் போட்டுவிட்டார்.

சந்நிதித் திருவிழாவுக்கு வருகிறேன் என்றுதான் சொன்னார். முருகன் கோவிக்கக் கூடாது… ஆனால் வந்து இறங்கிய அன்றே அவர் கேட்டது தேரை அல்ல.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். குகன் தயங்கினான். ஒரு வருசமாகச் சொன்ன பொய்யை வீடு தேடி வந்த மனிசனின் முகத்தைப் பார்த்து எப்படி உடைப்பது என்று கேட்டான். நான்தான் ஒரு வழி சொன்னேன். மாமா தன்னுடைய ரிமோட்டோடு முன்னால் நிற்கட்டும். குகன் வேலை செய்கிற ரிமோட்டோடு பத்தடி பின்னால் நிற்கட்டும். பின்னால் நிற்பவனுக்கு மாமாவின் விரல் தெரியாதே? அதற்கு நான் இருக்கிறேன். பக்கத்தில் நின்று அவர் செய்வதையெல்லாம் பாராட்டுகிற மாதிரி உரத்துச் சொல்வேன். குகன் அதைக் கேட்டுத் திருப்புவான்.

இப்போது விளங்குகிறதா, நான் பார்த்த வேலை?

ஞாயிறு காலை, சோளகக் காற்று எழும்ப முன்னம், தொண்டைமானாற்றில் நீர் வற்றிக் காய்ந்து கிடக்கிற வெளிக்குப் போனோம். கேட்க வேண்டியவர்களிடம் கேட்டுத்தான் போனோம். பலாலி விமான நிலையப் பக்கம் எங்கள் விமானத்தின் மூக்கே திரும்பக் கூடாது என்பது குகனின் முதல் சட்டம். மாமா தொப்பி போட்டு வந்திருந்தார். முழங்கால் சரியில்லை, என் தோளைப் பிடித்துத்தான் நடந்தார். ஆனால் ரிமோட்டை என்னிடம் தரவில்லை. வழியெல்லாம் அதைக் காற்சட்டைப் பையிலிருந்து எடுத்த லேஞ்சியால் துடைத்துக்கொண்டே வந்தார்.

சுவிச்சைப் போட்டார். மீற்றரில் ஊசி எழும்பியது. குகன் மோட்டார்சைக்கிளுக்குப் பக்கத்தில், மழைக்கோட்டுக்குக் கீழே தன்னுடைய ரிமோட்டை மறைத்துக்கொண்டு நின்றான்.

"மெல்ல மெல்ல வேகத்தைக் கூட்டுறியள் மாமா, நல்லம்," என்றேன் ஊர் கேட்க.

விமானம் காய்ந்த தரையில் ஓடி எழும்பியது.

மாமாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாக்கை வாயோரம் கடித்துக்கொண்டு, கண் கொட்டாமல்… அறுபத்தைந்து தாண்டிய மனிசனுக்குப் பத்து வயசு.

"இடப்பக்கம் வடிவாத் திருப்புறியள் மாமா."

திரும்பியது. கொஞ்சம் பிந்தித்தான்.

"பிந்திக் கேக்குது, என்ன?" என்றார்.

"காத்து, மாமா."

காற்று இல்லை. கிடந்த கொஞ்சத் தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அவரும் தண்ணீரைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து எனக்கு இருமல் வந்தது. மாமா வலப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். விமானம் நேரே போய்க்கொண்டிருந்தது. நான் தொண்டையைச் செருமி, "வலப்பக்கம் திருப்புறியள்," என்று சொன்ன பிறகுதான் திரும்பியது. மாமா என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு விமானத்தைப் பார்த்தார்.

பிறகு அவருடைய பெருவிரல் மெதுவாகக் கீழே போய் ரிமோட்டின் சுவிச்சை நிப்பாட்டியது.

மீற்றரில் ஊசி விழுந்தது. நான் கண்டேன். நான் கண்டதை அவரும் கண்டார். விமானம் மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரிப் பறந்துகொண்டிருந்தது. பின்னால் நின்ற குகனுக்கு ஒன்றும் தெரியாது.

இனிக் குகன் பக்கம் திரும்புவார் என்று நினைத்தேன். இல்லை. செத்த ரிமோட்டில் திருப்புகிற குட்டித் தடியை மெல்ல இடப்பக்கம் தள்ளினார். தள்ளிவிட்டு எனக்காகக் காத்து நின்றார்.

நான் என்ன செய்ய?

"இடப்பக்கம்… நல்லாத் திருப்புறியள் மாமா."

என் வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதே வாய் கசந்தது அது ஒன்றுதான்.

அப்படியே ஒரு முழுச் சுற்று விட்டார். அந்தச் சுற்றை ஏன் விட்டார்? தனக்காக இல்லை. பின்னால் நின்று வியர்த்துக்கொண்டிருந்த மருமகனுக்காக. பிறகு, இறக்குவமே என்று கேட்டார். இறக்கினோம் - அதாவது குகன் இறக்கினான்.

குகன் மழைக்கோட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து மாமாவைக் கட்டிப்பிடித்தான். மாமா அவன் முதுகில் தட்டி விமானத்தை நல்லாகச் செய்திருக்கிறாய் என்றார். ஓட்டினதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பிறகு தன்னுடைய ரிமோட்டை என்னிடம் நீட்டினார்.

"உதை நிப்பாட்டி வை, தம்பி."

நின்றுபோய்க் கிடந்த சுவிச்சின் மேல் விரலை வைத்து, நானும் நிப்பாட்டினேன்.

அன்று பின்னேரம் குகன் வீட்டில் மாமா கனடாவில் இருக்கிற மாமியோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தார். நானும் குகனும் பக்கத்து அறையில் இருந்தோம்.

"ஓமப்பா, நான்தான் விட்டனான். சொன்னபடி கேட்டுது."

குகன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். வென்றுவிட்டோம் என்று அர்த்தம். மாமா சுவிச்சை நிப்பாட்டிய கதையை அவனுக்கு நான் சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை.

மாமா புதன்கிழமை போய்விட்டார். போகும்போது, இந்த முழங்காலோடு இனி வருவது கஷ்டம் என்றார்.

இந்தக் கிழமை முழுக்க எனக்கு நித்திரை சரியில்லை. பொய் சொன்னதற்காகவா? அதெல்லாம் எனக்குப் பழக்கம். நித்திரையைக் கெடுக்கிறது வேறு ஒன்று.

அந்த மனிசன் வந்தது தன்னுடைய ரிமோட் வேலை செய்கிறதா என்று பார்க்க அல்ல. தன் கையால் ஒருக்கா விட. அவ்வளவுதான். வேலை செய்கிற ரிமோட் ஒன்று பத்தடி பின்னால், மழைக்கோட்டுக்குக் கீழே இருந்தது. "மாமா, உங்கடை பழசு சரிவரேல்லை, இதைப் பிடியுங்கோ" என்று கையில் கொடுத்திருந்தால்? ஒரு நிமிசம் முகம் சுருங்கியிருக்கும். பிறகு பறக்க விட்டிருப்பார். சேற்றில் குத்தியிருந்தாலும் அவர் குத்தியதாக இருந்திருக்கும். ரெஜிபோம் தானே, ஒட்டியிருப்போம்.

நாங்கள் ரிமோட்டின் மானத்தைக் காப்பாற்றினோம். மனிசனை மறந்துபோனோம். முதல்தரம் மகன் ஓட்ட அவர் பக்கத்தில் நின்றார். இந்தத் தரம் மருமகன் ஓட்ட முன்னால் நின்றார். இடம்தான் மாறியது.

இங்கே இருக்கிற நாங்கள் அங்கே இருப்பவர்களின் மனம் நோகக்கூடாது என்று எத்தனை விஷயத்தை மழைக்கோட்டால் மூடி வைத்திருக்கிறோம்? அவர்களும் அங்கே எதை எதை மூடி வைத்துக்கொண்டு எங்களோடு சிரித்துக் கதைக்கிறார்களோ? மாமா மாமியிடம் சொன்னதைக் கேட்ட பிறகு எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

குகன், நீ இதை இப்போதுதான் அறிகிறாய். என்னைத் திட்டு. திட்டி முடிய மாமாவுக்குப் போன் எடுத்து உண்மையைச் சொல்லு - என்ன சொல்லுவது என்று பக்கத்தில் நின்று நான் எடுத்துக்கொடுக்க மாட்டேன்.