வெள்ளிக்கிழமை விருப்ப நேரம்

முன்பள்ளி டீச்சர் வேலை என்றால் கை தட்டிப் பாட்டுப் பாடிச் சம்பளம் வாங்கும் வேலை என்று நினைப்பவர்களை ஒரு வெள்ளிக்கிழமை காலை மலைநாட்டில், வத்தேகமவிலுள்ள எங்கள் முன்பள்ளிக்கு அனுப்பி வையுங்கள். அன்றுதான் எங்களுக்கு விருப்ப நேரம். ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த ஒரு பொருளை வீட்டிலிருந்து கொண்டுவந்து, எல்லோருக்கும் முன்னால் நின்று அதைப் பற்றிப் பேச வேண்டும். நாலு வயதுப் பிள்ளையிடம் "உனக்கு என்ன விருப்பம்?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் கால் மரத்துப்போன சக டீச்சர்மாரே, இது உங்களுக்காக.

உம்மா தந்த விருப்பம்

முதல் வெள்ளிக்கிழமை நான் செய்த பிழை, அம்மாமாருக்கு முன்கூட்டியே அறிவித்தது. வந்த பிள்ளைகளில் அநேகமாக எல்லோர் கையிலும் புத்தகம். "எனக்கு வாசிக்க மிகவும் விருப்பம். நான் வளர்ந்து டொக்டராகி மக்களுக்குச் சேவை செய்வேன்." ஒருத்தி புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு இதையே சொன்னாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஹார்ட்வெயார் கடை ரியாஸ் நானாவின் மகன் இர்பானும் அதையே மூச்சு விடாமல் ஒப்புவித்தான். நான் கை தட்டினேன். பையன் உட்காரவில்லை. "அது உம்மா சொல்லித் தந்தது டீச்சர். இனி என்ட விருப்பத்தச் சொல்லவா?"

வாய் திறக்காதவள்

நிவேதா எதையும் கொண்டுவரவில்லை, எதுவும் பேசவும் இல்லை. தேயிலைத் தோட்டத்தில் இருந்தவரைக்கும் நன்றாகப் பேசிய பிள்ளையாம். அம்மா சரசுவுக்கு டவுனில் புடவைக் கடையில் வேலை கிடைத்து, இருவரும் வாடகை அறைக்கு வந்த பிறகு பிள்ளை வாயடைத்துப் போனாள். பொம்மை, வர்ணம், பூனைக்குட்டி என்று நானும் என்னென்னவோ காட்டிப் பார்த்தேன். எல்லாவற்றையும் மரியாதையாகப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவாள்.

ஒருநாள் சரசு களைத்துப்போய் வாசலில் நின்றாள். பெற்றோர் தினம் வரைக்கும் பார்ப்பாளாம், அதற்குள் பிள்ளை பேசவில்லை என்றால் தோட்டத்திலிருக்கும் தன் அக்காவிடம் கொண்டுபோய் விட்டுவிடுவாளாம். பிள்ளைக்கு வீட்டில் எதில் விருப்பம் என்று கேட்டேன். சரசு தலை குனிந்தாள். "எனக்கே தெரியாது டீச்சர். நான் வூட்டுக்குப் போறப்ப அவ பக்கத்து ரூம் பாட்டிகிட்டயே தூங்கிடுறா."

பூட்டும் திறப்பும்

இர்பானின் உண்மையான விருப்பம் பூட்டு. அதனால் அடுத்த வெள்ளிக்கிழமை கடைச் சாவியெல்லாம் இருந்த திறப்புக் கோர்வையை அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். கடை திறக்க முடியாமல் ஆட்கள் மழையில் நிற்க, ரியாஸ் நானா புல்லுக்குள்ளால் குறுக்கு வழியில் ஓடி வந்தார். என்னைப் பார்த்து, "டீச்சர், இது என்ன படிப்பு!" என்று தொடங்கியவர் காலைக் குனிந்து பார்த்தார். கணுக்காலில் ஓர் அட்டை நன்றாக இரத்தம் குடித்துக்கொண்டிருந்தது. லொறிக்காரர்களையே அதட்டும் மனிதர் அலறிக்கொண்டு பிள்ளைகள் உட்காரும் சின்னக் கதிரை மேல் ஏறிவிட்டார். நானும் இன்னொரு கதிரை மேல்தான் நின்றேன் என்பதை மறைப்பானேன்.

நிவேதா எழுந்தாள். கை கழுவும் இடத்திலிருந்து சவுக்காரத்தை நனைத்துக்கொண்டு வந்து அவர் காலில் தேய்த்தாள். "இழுக்கக் கூடாது. சவுக்காரம் பூசினா தானா வுழுந்துரும்" என்றாள். அட்டை விழுந்தது. அவளுடைய குரலை அன்றுதான் நாங்கள் கேட்டோம். ரியாஸ் நானா கோபத்தை மறந்து என் முகத்தைப் பார்த்தார். "டீச்சர், அடுத்த வெள்ளிக்கும் ஒரு அட்டையோட வரட்டா?"

பெற்றோர் தினம்

அதன் பிறகு நான் அட்டையைப் பற்றி மட்டுமே கேட்டேன். அவளும் ஒன்றிரண்டு வார்த்தை சொன்னாள். பெற்றோர் தினத்தன்று முன்பள்ளிப் புல்லுக்குள் பிடித்த ஓர் அட்டையை ஜேம் போத்தலில் போட்டுக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். முன்வரிசை அம்மாமார் சேலையைத் தூக்கிக்கொண்டார்கள். சரசுவின் முகம் சுருங்கியது. தோட்டத்தை விட்டு இவ்வளவு தூரம் வந்தும் அட்டைதானா என்று அவள் நினைத்திருப்பாள்.

நிவேதா போத்தலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "தோட்டத்துல அம்மா மலையில கொழுந்து பறிச்சிட்டு வந்தா கால நீட்டி உக்காருவாங்க. நான் அட்ட பாப்பேன். எல்லா அட்டையும் எடுக்குற வரைக்கும் அம்மா எழும்ப மாட்டாங்க. டவுன்ல அம்மா கால்ல அட்ட இல்ல."

சரசு எழுந்து வந்தாள். அத்தனை பேருக்கும் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு, வேலைக்குப் போகும் நல்ல சேலையோடு தரையில் கால் நீட்டி உட்கார்ந்தாள். "வா கண்ணு, நல்லாப் பாரு. நீ பாத்து முடிக்கிற வரைக்கும் அம்மா எழும்ப மாட்டேன்."

நிவேதா தோட்டத்துக்குப் போகவில்லை. இப்போது வகுப்பில் அவளைப் பேசாமல் இருக்க வைப்பதுதான் எனக்கு வேலை. ஊமைப் பிள்ளையையும் பேச வைக்கிற டீச்சர் என்று வத்தேகமவில் எனக்குக் கிடைத்திருக்கும் பெயரில் பெரும்பங்கு ஓர் அட்டைக்குச் சேர வேண்டியது என்பதை மட்டும் நான் யாரிடமும் சொல்வதில்லை.