மாடியில் விழுந்த வெயில்

திருக்கோணமலைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்ந்த பேணாட் நான்தான். குச்சவெளிக் கரையில் ஒரு வீட்டுக்கு சோலர் பூட்டினால் லாபமா நட்டமா என்று என்னைப்போல் துருவிப் பார்த்தவன் இந்த மாவட்டத்திலேயே இல்லை என்று கொஞ்சக்காலம் நம்பிக்கொண்டிருந்தேன். மழை மாதம், உப்புக்காற்று, கடன் வட்டி எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். தேத்தண்ணிக் கடைக்குள் நான் நுழைந்தால் சனம் பாதித் தேத்தண்ணியோடு எழும்பிப் போகும்.

என் மனைவி றீற்றா கருவாடு போடுகிறவள். கட்டா மீனைக் கீறி, உப்பிட்டு, மொட்டைமாடியில் காயவிடுவாள். அங்கே மண் படாது, நாய் ஏறாது. கிண்ணியா வியாபாரி நிப்லா அவளுடைய கருவாட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வாங்குவாள். உண்மையைச் சொன்னால், வீடு ஓடியது என் பென்சனில் அல்ல, அந்தக் கருவாட்டில்தான். சோலர் பனல் பூட்ட வந்த கிருஷாந்தன் மாடி முழுவதும் வேண்டும் என்றபோது, அப்படியென்றால் மீனை எங்கே போடுவது என்று றீற்றா கேட்டாள். முற்றம் கிடக்கிறதே என்றேன், பெரிய மேதாவி.

புதுப் படகுக்கும் எஞ்சினுக்கும் ஆசீர் கொடுக்கும் எங்கள் பங்குச் சுவாமியை ஏணியில் ஏற்றி, பனலுக்கும் தீர்த்தம் தெளிப்பித்தேன். முதல் கரண்ட் பில் பேருக்குத்தான் வந்தது. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கோயில் வாசல்வரை காட்டித் திரிந்தேன். வெட்கங்கெட்ட மனுசன்!

கீழே முற்றத்திலோ நாய், கோழி, தென்னை நிழல், போதாததற்குக் காற்று அள்ளிவரும் மணல். கருவாட்டில் மண் கடிபடுகிறதென்று வாடிக்கைக்காரர் திருப்பிவிட்டார்கள் என்றாள் நிப்லா. தயங்கித் தயங்கித்தான் சொன்னாள், ஆனால் வெறும் சாக்கோடு போய்விட்டாள். அன்று றீற்றா சமையல் குசினியை விட்டு வெளியே வரவேயில்லை.

நான் விடுவேனா? மீன் காயவைக்கும் மெசின் ஒன்று வாங்குவோம், கரண்ட் நம்முடையதுதானே என்று அவளுக்கு விளக்கத் தொடங்கினேன்.

“என்ட மாடி வெயிலைப் பிடிச்சு, கரண்டாக்கி, மெசினுக்குள்ள விட்டு, திரும்பச் சூடாக்கி என்ட மீனுக்கே தரப் போறீங்களோ?” என்றாள். “முந்தி அது நேராத்தானே வந்தது.”

கணக்கில் வங்கி வட்டியைக்கூட விடாமல் சேர்த்தவன், அவளுடைய வெயிலைச் சேர்க்கவேயில்லை.

கிருஷாந்தனைக் கூப்பிட்டுப் பாதிப் பனலைப் பின்பக்க ஓட்டுக்கூரைக்கு மாற்றினேன். அங்கே அரைநாள் மரநிழல். பில் மறுபடி ஏறித்தான் வருகிறது, கட்டுகிறேன். மாடிக்குத் திரும்பிய மீனுக்கு வரும் காகங்கள் மிச்சப் பனலில் எச்சமிடுவதால், தடியும் தொப்பியுமாக மாடிக்குக் காவலும் நானே.

போன கிழமை நிப்லா வந்தாள். ஒரு துண்டை முறித்துப் பார்த்துவிட்டு, இருப்பது முழுவதையும் கட்டச் சொன்னாள்.

“நல்லாக் காஞ்சிருக்கு, றீற்றாக்கா.”

“இவர்தான் பக்கத்தில நிண்டு பார்த்தவர்,” என்றாள் றீற்றா.

காகம் விரட்டியதைத் தவிர நான் ஒரு மண்ணும் செய்யவில்லை. அது அவளுக்கும் தெரியும். சந்தோசம் தாங்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்க ஏலாமல், குனிந்து சாக்கின் வாயைக் கட்டினேன்.