உள்ளே துணி விட்டுத் தைத்தவன்

தையல்காரனின் டேப் இடுப்பைச் சுற்றியதும் எல்லோரும் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அதை நம்பாமல் உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைப்பதுதான் எங்கள் தொழில். பிறகு உடம்பு போட்டால் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். கடல் தாண்டிப் பிழைக்கப் போனவர்களின் புத்தியும் இதேதான். எந்த ஊரிலும் முழுதாக ஒட்டாமல், நாலு பக்கமும் துணி விட்டு வைத்திருப்போம். நீங்களும் அப்படிக் காலம் தள்ளியவராக இருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

என் பெயர் சூசை. துறையூர்ப் பக்கம். ஐம்பதுகளில் விசா வாங்கிக்கொண்டு இலங்கை மலைநாட்டு ராகலைக்கு வந்து, எல்லோரும் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் ஹமீதின் துணிக்கடை வாசலில் மிஷின் போட்டேன். ஒவ்வொரு முறையும் விசாவை நீட்டித்துத் தந்தால்தான் இருக்கலாம். அதனால் கைவசம் திட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை.

ஒரு கைச் சட்டை

துறையூரில் சொந்தக் கடை போடலாம். சிங்கப்பூரில் அத்தான் இருக்கிறார், அங்கே போகலாம். கொழும்பில் கோட்டு தைக்கிற கடையில் சேரலாம். வட்டவளை ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு அறை காலியாம், அதையும் பார்க்கலாம். காலையில் துறையூர், மத்தியானம் சிங்கப்பூர், மழை பிடித்துக்கொண்டால் கொழும்பு என்று நாளொன்றுக்கு மூன்று ஊர் போய் வருவேன். கை காஜா எடுக்கும், வாய் கடை திறக்கும்.

பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த ஹமீது நானா ஒருநாள் நான் தைத்து மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் பார்த்தார். "சூசை, எல்லா ஊருக்கும் போயிட்டு வாங்க. அதுக்கு முந்தி இந்தச் சட்டைக்கு மத்தக் கையையும் வச்சிருங்க."

குளிருக்குக் கோட்டு

தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குக் குடியுரிமை இல்லை என்று இலங்கை அரசாங்கம் சொல்லிவிட்ட பிறகு, சில குடும்பங்கள் இந்தியப் பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு இந்தியாவுக்குக் கிளம்பத் தொடங்கின. அப்பா பிறந்ததும் இங்கே, தான் பிறந்ததும் இங்கே. ஆனாலும் பார்க்காத அந்த இடத்துக்கு அவர்கள் சொல்லும் பெயர் "ஊரு".

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் ராமையா ஒருநாள் முரட்டுக் கம்பளித் துணியோடு வந்தார். ஊருக்குப் போகிறார்களாம், குடும்பத்துக்கே கோட்டு வேண்டுமாம். உள்ளே நிறையத் துணி விட்டுத் தைக்கவும் சொன்னார். திருச்சிப் பக்கத்து வெயிலில் இதைப் போட்டால் வெந்துபோவீர்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். குளிராத இடத்தை அவர் கண்டதே இல்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்மேல் அல்ல, அவரைக் கிளப்பியவர்கள்மேல். "சொந்த ஊருன்னு சொல்றாங்களேங்க," என்றார் ராமையா, "சொந்த ஊருல குளிராமயா இருக்கும்?"

போலீஸ்காரரின் கால்சட்டை

வலப்பனைக்காரரான ஒரு சிங்களப் போலீஸ்காரர் அவ்வப்போது என் விசாவைப் பார்க்க வருவார். வந்ததும் ஒரே கேள்வி: "கெதர யன்னே கவதாத?" வீட்டுக்குப் போவது எப்போது என்று அர்த்தம். கேட்டுவிட்டு, பையிலிருந்து கால்சட்டையை எடுத்து நீட்டுவார். மனிதருக்கு வயிறு பெருத்துக்கொண்டே வந்தது. நான் ஒவ்வொரு தடவையும் உள்ளே விட்டிருந்த துணியில் கொஞ்சம் பிரித்துவிடுவேன்.

ஒரு தடவை கேள்வி கேட்காமலே உட்கார்ந்தார். இந்த முறை விசாவை நீட்டிக்கவில்லையாம், நான் கிளம்பவேண்டுமாம். அவருக்கும் சங்கடம்தான். ஆனாலும் பையைத் திறந்து கால்சட்டையை எடுத்து, அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "நீ போறது சரி. கலிசான் பெருசு பண்ணிட்டு போ."

ரீட்டா டீச்சர்

அன்றிலிருந்து ஆளாளுக்கு என் வாழ்க்கையை வெட்டித் தைக்க ஆரம்பித்தார்கள். துறையூர்தான் சரி என்றார் ஒருவர்; சிங்கப்பூருக்குப் போனால் ராஜா என்றார் இன்னொருவர். நான் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ரீட்டாவிடம் போனேன்.

ரீட்டா தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர். இரண்டு பேரும் கட்டிக்கொள்வதாகப் பேசி வைத்திருந்தோம். அவள் இங்கேயே பிறந்தவள். இந்த நாடு அவளுக்குக் குடியுரிமை தரவில்லை, அந்த நாடு அவளை இன்னும் தன் பிரஜை என்று சொல்லவில்லை. எந்தப் பாஸ்போர்ட்டும் இல்லாமல் அவள் எந்தக் கப்பலிலும் ஏற முடியாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்று, என் திட்டங்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டேன். அவள் கடைசிவரை கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. "எல்லாத்துலயும் ஊரு இருக்குங்க. கடை இருக்கு, மிஷினு இருக்கு. நான் எதுல இருக்கேன்?"

துணி விடாத கோட்டு

மறுநாளே பஸ் ஏறி நுவரெலியாவுக்குப் போய், புரக்டர் என்று அங்கே சொல்லும் ஒரு வக்கீலைப் பிடித்து, போகமாட்டேன் என்று மேலிடத்துக்கு மனு எழுதவைத்தேன். மரியாதையாக எழுதலாமே என்றார் அவர். மரியாதையாகவே, போகமாட்டேன் என்று எழுதுங்கள் என்றேன். துறையூருக்கும் சிங்கப்பூருக்கும் வரவில்லை என்று சொல்லி அனுப்பினேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் யாரோ கிளம்பு என்றதும் கிளம்புவதற்கு நான் ஒன்றும் தபால் பை இல்லையே.

அந்த வாரமே என் கல்யாணக் கோட்டை வெட்டினேன். ராகலைக் குளிருக்கு ஏற்ற முரட்டுக் கம்பளி. என் உடம்புக்கு என்ன அளவோ அந்த அளவு, உள்ளே இம்மிகூட மிச்சத் துணி இல்லை. ஹமீது நானா தையலைத் தடவிப் பார்த்துத் திடுக்கிட்டார். நாளைக்கு உடம்பு போட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். இதே வாசலில் உட்கார்ந்து வேறொன்று தைப்பேன் என்றேன். அவர் கோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "நல்லது சூசை. ரெண்டு கையும் வச்சிருக்கீங்களான்னு பாக்குறேன்."

கல்யாணம் ராகலைக் கோயிலிலேயே நடந்தது. மனு இன்னும் முடிவு தெரியாமல் கொழும்பில் கிடக்கிறது, நான் ராகலையில் கிடக்கிறேன். வலப்பனைக்காரர் இப்போதும் பையோடு வந்து, "கெதர யன்னே கவதாத?" என்று கேட்கிறார். பின்னால் நிற்கும் ரீட்டாவைக் காட்டி, கெதர இதுதான் ஐயா என்கிறேன்.

என்னைப் போகச் சொல்ல வருகிறவரின் இடுப்பு பெருத்துக்கொண்டிருக்கும்வரை, நான் போகக்கூடாது என்று வேண்டிக்கொள்ள அரசாங்கத்திலேயே ஒரு ஆள் இருக்கிறார்.